பேசாமல் நிற்கும் வேலை

லம்பாங் நகரில், வாங் ஆற்றங்கரையை ஒட்டிய எங்கள் சந்தில் அமைதி விலைக்குக் கிடைக்கிறது. ஓர் இரவுக்கு ஐயாயிரம் பாத், காலைச் சாப்பாடு சேர்த்தி. பழைய தேக்கு வீடு ஒன்றை வாங்கி, எட்டு அறையும் ஒரு குளமும் போட்டு, 'நிசப்த இல்லம்' என்று பலகை மாட்டியிருக்கிறார்கள். பலகையில் எழுத்துகூடப் பொடிப்பொடியாகத்தான் இருக்கும். பெரிதாக எழுதினால் சத்தமாகிவிடும் அல்லவா? அதற்கு நேர் எதிரே முப்பது வருஷமாக நூடுல்ஸ் கடை வைத்திருப்பவள் நான், சேங்தா.

இந்த அமைதியைக் கட்டி எழுப்ப அவர்கள் முதலில் வாங்கியது மரமோ ஓடோ அல்ல, சிங்கேவ் அண்ணனின் வாயை.

சிங்கேவ் அண்ணன்தான் எங்கள் சந்தின் ஒலிபெருக்கி. மனைவி இல்லை, பிள்ளை இல்லை, அறுபத்து மூன்று வயது. இளமையில் கோயில் திருவிழாக்களில் மைக் பிடித்தவர். அப்புறம் இருபத்திரண்டு வருஷம், தினமும் காலை ஆறரைக்குச் சமூகக் கூடத்து மைக்கில் ஊர்ச் சேதி சொன்னார். அவர் தொண்டையைச் செருமினால் ஆற்றுக்கு அக்கரையில் இருப்பவன் திரும்பிப் பார்ப்பான்.

"பத்து மணிக்குத் தண்ணி நிக்கும். பதினாலாம் நம்பர் புவாபட், தலையில சோப்பைப் போட்டுக்கிட்டு அப்புறம் என்னைத் திட்டாதே. ஏழாம் நம்பர் நாய்க்கு ஊசி போடணும். நாய்க்கு மட்டும் போட்டாப் போதும், வீட்டுக்காரர் கடிக்கிறது அவர் பொண்டாட்டி பாடு."

சாவு விழுந்தால்தான் அவருடைய முழு மகிமையும் தெரியும். எங்கள் பக்கம் சாவு வீட்டுக்கு மூன்று நாளும் சந்து முழுக்கப் போய் வேலை செய்ய வேண்டும். "அஞ்சாம் நம்பர் வெங்காயம் உரிக்கணும். எட்டாம் நம்பர், போன சாவுக்கு இடுப்பு வலின்னே. இந்தத் தடவை வேற வலியா யோசிச்சு வை" என்பார். ஊரறியப் பெயர் சொன்ன பிறகு எவன் வீட்டுக்குள் படுத்திருப்பான்?

விடுதிக்காரி குன் பிம்ரதா பாங்காக்கிலிருந்து வந்தவள். அவள் பேசுவதைக் கேட்க நாம்தான் குனிய வேண்டும். ஒரு நாள் லொங்கன் பழக்கூடையோடு வந்தாள். அண்ணன் அப்போது என் கடையில் உட்கார்ந்திருந்தார்.

"பெரியப்பா, உங்க குரல் எவ்வளவு கம்பீரமா இருக்கு! எங்க விருந்தாளிங்க காலையில கட்டில்லேருந்து எழுந்து உட்கார்ந்துடறாங்க."

"அதுக்குத்தானேம்மா சொல்றது?"

அவள் சிரித்தாள், சத்தமில்லாமல். வேலை இவ்வளவுதான்: நீலக் கதர்ச் சட்டை போட்டுக்கொண்டு விடுதி வாசலில் கைகூப்பி நிற்க வேண்டும். பேசக் கூடாது. கைபேசியை உள்ளே கொடுத்துவிட வேண்டும். பின்கட்டில் தங்க அறை. மைக்கை மறந்துவிட வேண்டும். மாதச் சம்பளத்தைக் கேட்டதும் என் கரண்டியே நின்றுவிட்டது.

"பேசாம நிக்கிறதுக்கா சம்பளம்?" என்றார் அண்ணன்.

பக்கத்து முக்காலியில் இருந்த புன்தா வாயில் இருந்ததைத் துப்பிவிட்டுச் சிரித்தார். புன்தா குதிரை வண்டி ஓட்டுபவர், அண்ணனுக்குப் பத்து வயதிலிருந்து கூட்டாளி. "போடா, போய் நில்லு. என் குதிரைக்காவது காதுவலி குறையட்டும்."

"ஒரு நாள் தாங்க மாட்டே அண்ணே" என்று நானும் சேர்ந்துகொண்டேன். அந்த ரோஷத்தில்தான் போனாரோ, சம்பளத்துக்குத்தான் போனாரோ, போய்விட்டார்.

தாங்கினார். அதுதான் அதிசயம். இரண்டாம் மாதம் ஒன்பது நாள் தங்கிய வெளிநாட்டு அம்மாள் ஒருத்தி, வாசலில் நிற்பவர் பன்னிரண்டு வருஷமாக மௌன விரதம் பூண்ட பழைய துறவி என்று இணையத்தில் எழுதிவிட்டாள். அவர் கண்கள் அவளுக்கு எல்லாவற்றையும் சொன்னதாம். எனக்குத் தெரிந்து அந்தக் கண்கள் பதினோரு மணிக்கு மேல் என் நூடுல்ஸ் பானையைத் தவிர வேறெதையும் சொன்னதில்லை. அதன் பிறகு வருகிறவர்கள் எல்லாம் அவர் முன்னால் உட்கார்ந்து தங்கள் கஷ்டத்தைச் சொல்லி அழ ஆரம்பித்தார்கள். ஒரு வார்த்தை புரியாமல் அவர் தலையாட்டுவார். தெளிந்த முகத்தோடு எழுந்து குளத்தில் நீந்தப் போவார்கள். குன் பிம்ரதா சம்பளத்தை உயர்த்தினாள்.

மைக்குக்குப் பதில் சந்துக்குக் கைபேசியில் 'லைன்' என்ற செயலியில் ஒரு குழு வந்தது. அதில் விடிந்ததும் பூப்படம் வரும். திங்கள் மஞ்சள் பூ, செவ்வாய் இளஞ்சிவப்புப் பூ, எல்லாவற்றிலும் 'இனிய காலை'. தண்ணீர் நிற்கும் சேதி நாற்பது பூவுக்கு அடியில் கிடக்கும். புவாபட் சோப்புத் தலையோடு இரண்டு முறை தெருவுக்கு வந்தாள்.

வாயை விற்றவன் என்று அண்ணனோடு சந்தில் எவரும் பேசுவதில்லை. அவர் என்னைப் பார்த்தால் நான் முதுகைக் காட்டுவேன். விரதத்துக்கு எங்களாலான உதவி. புன்தா மட்டும் வண்டியை வாசலில் நிறுத்தி, "என்ன சாமியாரே, எனக்கு லாட்டரி நம்பர் சொல்லு" என்று சிரிக்க வைக்கப் பார்ப்பார். விருந்தாளிகள் முகம் சுளித்தார்கள். குதிரை வண்டி அங்கே நிற்கக் கூடாது என்று சொல்லிவிட்டாள் குன் பிம்ரதா. அதற்குப் பின் புன்தா ஈரல் கெட்டுப் படுக்கையில் விழுந்தார். ஐந்தாம் மாதம் ஒரு திங்கட்கிழமை விடியற்காலை போய்விட்டார்.

புன்தாவின் மகள் குழுவில் சேதி போட்டாள். அன்றைக்கு வந்த மஞ்சள் பூ மொத்தம் நாற்பத்து மூன்று. குன் பிம்ரதா பூவுக்குப் பதில் ஐந்து மேசை மின்விசிறி வைத்துக் கட்டிய சாவு வளையம் அனுப்பி, மேளம் மட்டும் வேண்டாமே என்று கேட்டுக்கொண்டாள். சித்திரை வெயிலில் ஐந்து விசிறியை யார் வேண்டாமென்பார்கள்? புன்தாவின் மனைவி சன்திப் சரி என்றாள். சேதி தெரிந்தவர்களும் மற்றவர்கள் போவார்கள் என்று இருந்துவிட்டார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட ஆளில்லையே. நூறு பேருக்குச் சமைக்கும் அடுப்படியில் நாங்கள் ஆறு பெண்கள்.

மூன்று நாளும் காலையில் நான் கடை திறந்தேன். எதிரே அண்ணன் நின்றார். புன்தாவின் வண்டி வரும் ஆற்று முனைப் பக்கம் அடிக்கடி பார்த்துக்கொண்டார். நான் சொல்லவில்லை. பேசாத மனுஷனுக்குச் சேதி எதற்கு, கிடக்கட்டும் என்று இருந்தேன். எனக்கு அவ்வளவு கெட்ட மனசு.

மூன்றாம் நாள் மத்தியானம் பிணத்தேர் கிளம்பியது. காகித மாளிகை கட்டிய தேர். நூறு பேர் பிடிக்க வேண்டிய கயிற்றில் நாங்கள் பதினோரு பேர். வாகனங்கள் வேகமெடுக்காமல் போகட்டும் என்று விடுதிக்காரர்கள் வாசலில் பரப்பியிருந்த கூழாங்கல்லில் சக்கரம் புதைந்துவிட்டது. இழுத்தோம், அசையவில்லை. அண்ணன் பழக்கப்படிக் கைகூப்பி நின்றார். அப்புறம்தான் மகள் கையில் இருந்த படத்தைப் பார்த்தார்.

முதலில் வந்தது வார்த்தையே இல்லை. மாடு கத்துவதுபோல ஒரு சத்தம். என் கையிலிருந்து கயிறு நழுவியது. பிறகு பெயர்கள் வந்தன.

"புவாபட்! சோப்பா போட்டுக்கிட்டிருக்கே, வெளியே வாடி! எட்டாம் நம்பர், இடுப்பைத் தூக்கிக்கிட்டு வா! பூப்படம் போடற கையெல்லாம் எங்கேடா? புன்தா நடுத்தெருவுல நிக்கிறான்டா! என் புன்தா நிக்கிறான்!"

கதவுகள் திறந்தன. கால்மணி நேரத்தில் கயிற்றில் இடமில்லை. குளத்திலிருந்து துண்டோடு ஓடி வந்த ஒரு வெள்ளைக்காரி, விரதம் கலைந்துவிட்டது என்று தேம்பியபடி தானும் கயிற்றைப் பிடித்தாள். "பெரியப்பா!" என்று குன் பிம்ரதா கத்தியதை அன்றைக்குத்தான் நாங்கள் குனியாமல் கேட்டோம். அண்ணன் திரும்பவில்லை. தேர் நகர்ந்தது.

நண்பனுக்காக விரதம் துறந்த துறவியின் கதை இப்போது விடுதியின் இணையப் பக்கத்தில் இருக்கிறது. வருஷக் கடைசிவரை அறைகள் நிரம்பிவிட்டன. சனிக்கிழமை சாயங்காலங்களில் மட்டும் ஒரு முறை குரல் கொடுக்க முடியுமா என்று குன் பிம்ரதா கேட்டாளாம். அண்ணன் சட்டையைத் துவைத்து மடித்துக் கொடுத்துவிட்டு வந்தார்.

மறுநாள் என் கடையில் வந்து உட்கார்ந்தார். நூடுல்ஸில் வேகவைத்த பன்றி ரத்தத் துண்டு கூடுதலாகப் போட்டுக் கிண்ணத்தை வைத்தேன். தொடவில்லை.

"படுக்கையில கிடந்தப்போ நீ போய்ப் பார்த்தியா, சேங்தா?"

"தினமும் கஞ்சி கொண்டுபோனேன் அண்ணே."

"என்னைக் கேட்டானா?"

"கேட்டார். சிங்கேவை ஒரு நடை வரச் சொல்லுன்னு தினமும் கேட்டார்."

"நீ என்ன சொன்னே?"

எதிர் வாசலில் நீலச் சட்டையில் புது ஆள் ஒருவன் கைகூப்பி நின்றுகொண்டிருந்தான். நான் அவனைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னேன்.

"சொல்லிடறேன்னு சொன்னேன்."