இரண்டு ஓட்டைத் தகரம்

வெயிலுக்குக் கீழே பிடித்தால், அந்தத் தகரத்துண்டு தன் இரண்டு ஓட்டைகளின் வழியே உள்ளங்கையில் இரண்டு வெளிச்சப் புள்ளிகளை விழுத்தும். கை அசைந்தால் அவையும் மெல்ல நீந்தும். பழைய காசு சேர்க்கிற பைத்தியம் எனக்கு எப்போதும் உண்டு. ஆனால் பாடம் நடத்துவதையும் மறந்து, வகுப்பு ஜன்னலோரம் நின்று நான் பார்த்துக்கொண்டிருந்தது அந்த ஒன்றைத்தான்.

அது யுத்த காலத்துத் தகரம். பாதை பூட்டினால் கல்முனைக்குச் சாமானும் வராது, சில்லறையும் வராது. கடற்கரை வீதியில் பலசரக்குக் கடை வைத்திருந்த முதலாளி, பால்மாத் தகரப் பேணிகளை வட்டமாக வெட்டி, ஆணியால் துளைத்து, மிச்சக்காசுக்குப் பதிலாகக் கொடுத்தார். ஓர் ஓட்டை ஒரு ரூபாய், இரண்டு ஓட்டை இரண்டு ரூபாய். தேத்தண்ணிக் கடையிலும் மீன்காரரிடமும்கூட அது செல்லும். அவர் முகத்தை நம்பித்தான் ஊர் தகரத்தை நம்பியது.

பாதை திறந்ததும் எல்லாவற்றையும் காசு கொடுத்துத் திருப்பி வாங்கினார். வந்ததை வந்த கையோடு சுத்தியலால் அடித்து மடித்துப் போடுவார். கடைசியில் ஒன்று மட்டும் வரவில்லை.

"சேர், உங்கட கையில கிடக்கா? ஒரேயொரு ரெண்டு ஓட்டைதான் வரல்ல. கடனோட மௌத்தாகப் பயமா இரிக்கி."

"இல்ல முதலாளி," என்றேன். அது என் சட்டைப்பையில்தான் இருந்தது. கொடுத்தால் அதையும் மடித்துவிடுவாரே; வைத்துக்கொள்ளும் ஆசை, வேறொன்றுமில்லை. பிறகு அந்த வீதியால் போவதையே குறைத்துக்கொண்டேன்.

போன மாதம் அவர் மௌத்தாகி, ஜனாஸா அடக்கம். ஏனோ தகரத்தையும் எடுத்துக்கொண்டு போயிருந்தேன். தொழுகைக்கு முன் அவருடைய மகன் எங்களைப் பார்த்து நின்றார்.

"எங்கட வாப்பா ஆருக்கும் குடுக்க இருந்தா எங்களிட்டக் கேளுங்க. தகரத்துண்டு கிடந்தாலும் தாங்க."

முதல் பாதி எல்லா ஜனாஸாவிலும் சொல்வதுதான். மற்றப் பாதியைக் கேட்டு எனக்கு வெட்கத்தில் காது சுட்டது.

அடக்கி முடிந்ததும் மகனிடம் தகரத்தை நீட்டினேன். "அந்தக் கடன நான் ஹலாலாக்கிட்டன் தம்பி. காசு வேணாம்."

அவர் கேட்கவில்லை. இரண்டு ரூபாய் நாணயக் குத்தியொன்றை என் கையில் வைத்துவிட்டு, தகரத்தை விரலாலேயே மடித்தார். "கடைசி வரைக்கும் இதத்தான் கேட்டுட்டு இருந்தாரு சேர். எங்க கிடந்திச்சி?"

நான் குத்தியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நடந்தேன்.

அந்தக் குத்தி இப்போது ஆல்பத்தில், தகரம் இருந்த இடத்தில் இருக்கிறது. நேற்று அதை எடுத்து வெயிலுக்குக் கீழே பிடித்துப் பார்த்தேன். உள்ளங்கையில் நிழல் மட்டும்தான் விழுந்தது.