காதால் நிரப்பிய படிவங்கள்

ஊராருடைய பெயர், பிறந்த தேதி, அப்பா பெயர், ஆதார் எண் ஆகியவற்றை நாள் முழுக்கப் பெட்டி பெட்டியாகத் தட்டிக்கொண்டிருப்பதுதான் எங்கள் தொழில். மற்றவர்கள் அதைப் பார்த்துச் செய்கிறார்கள், நான் கேட்டுச் செய்கிறேன்.

எனக்குப் பிறவியிலிருந்தே பார்வை இல்லை. விழிதியூரிலிருந்து பஸ் ஏறி அம்பகரத்தூர் வந்து, நிறுத்தத்துக்கு எதிரே இருக்கும் ஆன்லைன் சென்டரில் உட்காருகிறேன். இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின். ஒரு கம்ப்யூட்டரில் சென்டரின் உரிமையாளர் ராஜகுமாரி அக்கா. இன்னொன்றில் நான். என்னுடையதில் திரை வாசிப்பான் என்கிற மென்பொருள் இருக்கிறது. திரையில் இருப்பதை அது குரலாக்கிச் சொல்லும். டேப் விசையைத் தட்டினால் அடுத்த பெட்டி, இன்னொரு தட்டு, அதற்கடுத்தது. எனக்கு மவுஸ் தேவைப்படுவதில்லை.

பட்டம் வாங்கி இரண்டு வருஷம் வீட்டில் இருந்த பிறகு கிடைத்த முதல் வேலை இது. சேர்ந்த அன்றே அக்கா தெளிவாகச் சொல்லிவிட்டார். "மூணு மாசம் பாப்போம். வரிசை நிக்காம ஓடுச்சுன்னா நீ இரு. நின்னுச்சுன்னா நான் வேற ஆள் பாத்துக்கிறேன். மனசுல வச்சுக்காத."

நீங்களும் ஏதோ ஓர் இணையதளத்தின் முன்னால், சுற்றிக்கொண்டே இருக்கும் வட்டத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தவர்தான். அந்த வட்டம் சத்தம் போடாது. தளம் வேலை செய்கிறதா, செத்துவிட்டதா என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கு வட்டம் தெரியும், மற்றது உங்களுக்கும் தெரியாது. அந்த அளவில் நாம் ஒரே கட்சி.

அணைந்த திரை

முதல் நாள் திரையை அணைத்து வைத்திருந்தேன். வீட்டில் அப்படித்தான் பழக்கம். எனக்கு எதற்கு வெளிச்சம்? ஹெட்போனை மாட்டிக்கொண்டு தயாராக இருந்தேன். ஓட்டுநர் உரிமம் புதுப்பிக்க ஒருவர் வந்தார். சுரக்குடிப் பக்கம் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். "பேர் சொல்லுங்க" என்றேன். பதில் இல்லை. மறுபடியும் கேட்டேன். நாற்காலி நகரும் சத்தம் மட்டும் வந்தது. தலைக்கு மேலே ஃபேன் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. நான் தட்டிக்கொண்டிருந்த விசைகளின் சத்தமும் அவருக்குக் கேட்டிருக்கும். ஆனாலும் திரை கறுப்பாக இருந்தால் கம்ப்யூட்டர் இல்லை என்பதில் அவர் உறுதியாக இருந்தார். எழுந்தபடியே சொன்னார்:

"அவசரமில்லம்மா, கரண்ட் வந்ததும் ஆரம்பிங்க, நான் ஒரு டீ குடிச்சிட்டு வந்துடுறேன்."

ஸ்பீக்கர்

அன்றிலிருந்து வருகிறவர்களுக்காகத் திரையைப் போட்டு வைத்தேன். இரண்டாவது வாரம் ஹெட்போன் வயர் அறுந்தது. புதியது வாங்கும் வரை ஸ்பீக்கரில் ஓட்டச் சொன்னார் அக்கா. குரலின் வேகத்தைக் குறைத்தேன். நான் வழக்கமாக வைக்கும் வேகம் மற்றவர்களுக்கு மழைச் சத்தம் மாதிரி இருக்குமாம்.

அன்றைக்குக் கிளிஞ்சல்மேட்டிலிருந்து ஓர் அம்மா வந்திருந்தார். தலைச்சுமையாக மீன் விற்கிறவர். எழுதப் படிக்கத் தெரியாது. ஏற்கெனவே பதிவாகியிருக்கும் அவருடைய விவரங்களில் கைப்பேசி எண்ணை மட்டும் மாற்ற வேண்டும். பக்கத்தைத் திறந்து டேப் தட்டிக்கொண்டே போனேன். பெயர், கணவர் பெயர், முகவரி என்று குரல் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றுக்கும் "ஆமா" போட்டுக்கொண்டு வந்தார். "தொழில்: இல்லத்தரசி" என்றது குரல். ஆமா வரவில்லை. "அப்படின்னா என்னா பாப்பா?" என்று கேட்டார். வேலைக்குப் போகாமல் வீட்டைப் பார்த்துக்கொள்கிறவர் என்று சொன்னேன். எந்த வருஷத்திலோ யாரோ பட்டியலில் மேலே இருந்ததைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அத்தனை வருஷமாக அவரைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்கு யாரும் வாசித்துக் காட்டியதில்லை. கைப்பேசி எண்ணை அவர் மறந்தே போனார்.

"முப்பது வருசமா வெயில்ல மீன் விக்கிறேன், வீட்ல குந்தியிருக்கேன்னு எவன் எழுதுனான்? அத மாத்து மொதல்ல, போன் நம்பரு அப்புறம் பாத்துக்கலாம்."

எண்ணூறு மாதம்

புது ஹெட்போன் வந்தது. ஆனால் வருகிறவர்கள் "அந்தச் சத்தத்த வைங்க" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். அதனால் ஸ்பீக்கரே நிலைத்தது.

சில தளங்களில் பிறந்த தேதியைத் தட்ட முடியாது. ஒரு காலண்டர் திறக்கும், அதில்தான் தேட வேண்டும். சுரக்குடி விவசாயி கலியமூர்த்திக்கு அறுபத்தேழு வயது. காலண்டர் இந்த மாதத்தில் நின்றிருந்தது. எனக்குக் கிடைத்த ஒரே பொத்தான் "முந்தைய மாதம்". வேறு வழி தெரியாமல் அதையே அமுக்க ஆரம்பித்தேன். ஒவ்வோர் அமுக்கலுக்கும் குரல் ஒரு மாதத்தையும் வருஷத்தையும் சொன்னது. முதல் இருபது மாதம் யாரும் கவனிக்கவில்லை. பிறகு வரிசையில் யாரோ, "இது எம் பொண்ணு கல்யாண மாசம்" என்றார். இன்னொருவர், "அந்த வருசம் ஆத்துல தண்ணியே வல்ல" என்றார். கலியமூர்த்தி, "இந்த மாசந்தான் வயல்ல போர்வெல் போட்டோம்" என்றார். நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் எங்கே இருக்கிறேன் என்பது போய்விடும் என்று பயம். வரிசை வாசலைத் தாண்டிவிட்டதைக் குரல்கள் வந்த தூரத்தில் தெரிந்துகொண்டேன். அக்கா திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தைரியமாக இருந்திருக்கும்.

வருஷத்தின் மேல் ஒரு தட்டு தட்டினால் நேராக வேறு வருஷத்துக்குப் போகலாம் என்பது ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அது ஒரு பொத்தான். ஆனால் அது பொத்தான் என்று திரை வாசிப்பானுக்குத் தெரிகிற மாதிரி அந்தத் தளத்தைச் செய்தவர்கள் குறித்து வைக்கவில்லை. அன்று எண்ணூற்றுச் சொச்சம் அமுக்கலில் கலியமூர்த்தி பிறந்த மாதத்தைத் தொட்டேன். விரல் மரத்துப்போயிருந்தது. அவர் நாற்காலியை இன்னும் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இம்மாந்தூரம் வந்தாச்சு, அப்படியே எங்கப்பா பொறந்த தேதியையும் பாத்துடுங்கம்மா, வீட்ல ஒருத்தருக்கும் தெரியல."

எது படகு

நீங்கள் மனிதர்தானா என்று சோதிக்க இணையதளங்கள் படம் காட்டும். அதை மட்டும் குரலால் சொல்ல முடியாது. அந்த இடம் வந்ததும் வந்திருப்பவரிடமே கேட்டுக்கொள்வேன். வருகிறவர் கண், என் விரல். இந்த ஏற்பாடு நன்றாகவே ஓடியது, படகு இருக்கும் படங்களை எல்லாம் தேர்ந்தெடுக்கச் சொன்ன நாள் வரைக்கும்.

அன்று வந்திருந்தவர் பைபர் படகில் தொழில் செய்கிறவர். ஒன்பது படம். "எதுல எல்லாம் படகு இருக்குங்க?" என்று கேட்டேன். நிதானமாகப் பார்த்தார். ஒன்றே ஒன்றைச் சொன்னார். தேர்ந்தெடுத்தேன். தளம் ஏற்கவில்லை. புதிதாக ஒன்பது படம் வந்தது. இந்த முறை எதுவுமே இல்லை என்றார். மூன்றாவது முறை அக்கா எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். "அண்ணே, நாலு படத்துல படகு இருக்கே!" படகுக்காரர் ஒவ்வொன்றாக விளக்கினார். ஒன்று ஏரியில் காதலர்கள் மிதிப்பது. ஒன்று காற்றடைத்த ரப்பர். ஒன்று வீடு மாதிரி ஜன்னல் வைத்தது. ஒன்றில் படகு தரையில் கவிழ்ந்து கிடக்கிறது, அதன் அடிப்பலகை உளுத்துவிட்டது. அக்கா, "எல்லாம் தண்ணியில மிதக்கச் செஞ்சதுல்ல, அமுக்க வேண்டியதுதான?" என்றார். படகுக்காரர் கொஞ்சமும் இறங்கி வரவில்லை.

"கடலுக்குப் போவாதத எல்லாம் படகுன்னு நான் சொல்ல மாட்டேன், வேணும்னா நீங்க சொல்லிக்குங்க."

ஓடிபி கடலில் இருக்கிறது

ஒரு பெண் மானியப் பதிவுக்கு வந்தார். எல்லாப் பெட்டியும் நிரப்பியாகிவிட்டது. ஓடிபி அனுப்பியிருப்பதாகத் தளம் சொன்னது. மூன்று நிமிஷம் அவகாசம். "போன எடுங்கக்கா" என்றேன். பதிவாகியிருப்பது கணவருடைய எண்ணாம். அவர் விடியற்காலையே வலையோடு போய்விட்டார். கைப்பேசி பாலித்தீன் பையில் சுற்றி அவரிடம்தான் இருக்கிறது. கரையிலிருந்து கொஞ்ச தூரம் வரைக்கும்தான் டவர். தளம் விநாடிகளைக் குறைத்து எண்ணுவதைத் திரை வாசிப்பான் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தது. பின்னால் நின்றவர்கள் உச்சுக்கொட்டினார்கள். அவர் மட்டும்தான் பதறவில்லை.

"என்னா பண்றது தங்கச்சி, காத்து நல்லாருந்தா நாலு மணிக்கு ஓடிபி கரைக்கு வந்துடும்."

இடம் மாறிய பொத்தான்கள்

மூன்றாவது மாதத்தின் நடுவில், நாங்கள் அதிகம் பயன்படுத்தும் ஒரு தளத்தைப் புதுப்பித்துவிட்டார்கள். பதினான்கு டேப் தட்டினால் வருமான விவரம், இருபத்தொன்றில் கோப்பை ஏற்றும் பொத்தான் என்று விரல் கணக்காக வைத்திருந்தேன். எல்லாம் போயிற்று. "பொத்தான், பொத்தான், பொத்தான்" என்று பெயரே இல்லாமல் ஏழு பொத்தான்களைச் சொன்னது குரல். எது எதற்கு என்று ஒவ்வொன்றாக அமுக்கித் தெரிந்துகொண்டேன். எனக்கு அது ஒரு வகையில் பிடித்துமிருந்தது, புது ஊரில் தெரு தெருவாக நடந்து பார்ப்பது போல. ஐந்தாவது பொத்தான் நிரப்பிய எல்லாவற்றையும் அழித்தது.

அன்று வரிசை ஜெராக்ஸ் மெஷினைச் சுற்றி வளைந்து நின்றது. மூன்று பேர் வேறு சென்டருக்குப் போய்விட்டார்கள். சாயங்காலம் அக்கா ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"உன் வேலையில தப்பு சொல்லல, ஆனா நேரமாவுது பாரு, இன்னும் ரெண்டு வாரந்தான் இருக்கு, நீயும் யோசிச்சு வை."

மாநிலம்

அந்த இரண்டு வாரம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது நர்சிங் படிப்புக்கான விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் வந்தது. ஐந்து மணிக்குத் தளம் மூடிவிடும். அபிநயா என்கிற பெண் மூன்றரைக்கு வந்தாள். எல்லையோரத்துச் சிற்றூர் அவளுடையது. நாலு தெரு தாண்டினால் தமிழ்நாடு. அவளுடைய படிவத்தை அக்காவே நிரப்பினார். அக்காவின் வேகம் தனி. நான் ஒரு பக்கம் கேட்டு முடிப்பதற்குள் அவர் மூன்று பக்கம் முடித்துவிடுவார். முன்னோட்டப் பக்கம் வந்த நேரத்தில் பிரிண்டர் பேப்பரை விழுங்கிவிட்டது. அக்கா அந்தப் படிவத்தை என் கம்ப்யூட்டரில் திறந்து கொடுத்துவிட்டு, "சமர்ப்பி மட்டும் அமுக்கிடு" என்று சொல்லிவிட்டுப் பிரிண்டருக்குப் போனார்.

ஒரே விசையில் நான் சமர்ப்பிக்கு நேராகப் போயிருக்கலாம். போகப் போனேன். அபிநயாதான், "அக்கா, என் மார்க்க ஒரு தடவ வாசிக்கச் சொல்லுங்களேன், கேட்டுக்கிறேன்" என்றாள். மேலிருந்து வந்தேன். மார்க்குக்கு முன்னால் முகவரி. "மாநிலம்: தமிழ்நாடு" என்றது குரல். அவள், "நாங்க புதுச்சேரிங்கக்கா" என்றாள். புதுச்சேரி மாநிலத்துப் பிள்ளைகளுக்குத் தனி இடங்கள் உண்டு. இது இப்படியே போனால் அவள் வெளிமாநிலப் பட்டியலுக்குப் போய்விடுவாள். சமர்ப்பித்த பிறகு திருத்த முடியாது.

அக்கா ஓடி வந்தார். "நான் அதத் தொடவே இல்லையே!" தொட்டிருக்கவில்லைதான். பின்கோடு போட்டதும் தளமே மாநிலத்தை நிரப்பிக்கொள்கிறது. அந்தப் பின்கோடு எல்லைக்கு இரண்டு பக்கமும் இருக்கும் ஊர்களுக்குப் பொது. இதே படிப்புக்குக் காலையில் அனுப்பிய இரண்டு படிவங்களையும் அக்கா திறந்து பார்த்தார். அவை வேறு பின்கோடு, சரியாகத்தான் போயிருந்தன. இதைத் திருத்த மவுஸை எடுத்தார். மாநிலப் பெட்டி சாம்பல் நிறத்தில் இருக்கிறதாம், எத்தனை முறை சொடுக்கினாலும் திறக்கவில்லை. பின்கோடை அழித்ததும் பெட்டி திறந்தது, புதுச்சேரியைப் போட்டு, திரும்பப் பின்கோடு போட்டார். மறுபடி தமிழ்நாடு. அபிநயாவின் அம்மா வெளியே நின்று யாருக்கோ போன் செய்துகொண்டிருந்தார். மணி நாலு முப்பத்தைந்து.

சாம்பல் நிறம் எனக்கு ஒரு தகவல் இல்லை. பின்கோடு பெட்டியிலிருந்து ஒரு டேப் தட்டினேன். "மாநிலம், தேர்வுப் பட்டியல், தமிழ்நாடு" என்றது குரல். பூட்டியிருந்தால் அப்படிச் சொல்லாது, தாண்டிப் போய்விடும். கீழ் அம்புக்குறியை அமுக்கினேன். அடுத்த மாநிலத்தின் பெயரைச் சொன்னது. புதுச்சேரி வரும் வரைக்கும் ஏறி இறங்கினேன். மவுஸுக்கு மட்டும்தான் தாழ் போட்டிருக்கிறார்கள், விசைப்பலகைக்குப் போடவில்லை. பிறகு பின்கோடைத் தொடாமல் மேலிருந்து கடைசிப் பெட்டி வரை ஒரு முறை கேட்டோம். அக்கா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார், அவசரப்படுத்தவில்லை. மனிதர்தானா என்று சோதிக்கும் படத்தில் இருந்த எழுத்துகளை அபிநயா சொன்னாள். நாலு ஐம்பத்திரண்டுக்கு விண்ணப்ப எண்ணைக் குரல் வாசித்தது. அம்மாவும் பெண்ணும் போன பிறகு அக்கா இரண்டு டீ சொன்னார். டீயைக் குடித்து முடித்து, டம்ளரை என் மேசையில் வைத்தார். அப்புறம் சொன்னார்:

"நாளைலேருந்து டைப் அடிக்கிறது நான், அனுப்புறது நீ, நீ கேட்டு முடிக்காம இங்கேருந்து ஒண்ணும் போவக்கூடாது, எவன் கத்துனாலும் கத்தட்டும்."

ஆக, மெதுவாகச் செய்கிறாள் என்ற புகாரையே எனக்கு வேலையாகக் கொடுத்துவிட்டார் அக்கா, வருகிறவர்களில் சிலர் இப்போது இன்னும் கொஞ்சம் மெதுவாக வாசிக்கச் சொல்கிறார்கள்.