பிள்ளைக்காம்பரா நம்பர்

எனக்குச் சட்டென்று கோபம் வரும். தலவாக்கலை பஸ் நிலையத்துக்குப் பின்னால் நானும் இன்னொரு டொக்டரும் சேர்ந்து நடத்தும் சின்ன கிளினிக்கில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் அது. வந்த வேகத்தில் போயும்விடும். ஆனால் நோயாளிகளின் விவரங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவதற்கு ஒரு சிஸ்டம் தேடப்போய் வந்த கோபம் மட்டும் இன்னும் அடங்கவில்லை. அடங்க வேண்டும் என்று நான் நினைக்கவும் இல்லை.

அதுவரை எங்களிடம் இருந்தவை அட்டைகள். ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாது என்றால் அவர்களுக்குச் சிவப்பு அட்டை. அப்படி ஒருத்தி, பூண்டுலோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவள். பெனிசிலின் அவளுக்கு விஷம். எப்போதோ போட்ட ஓர் ஊசியில் மூச்சடைத்துச் செத்துப் பிழைத்தவள். மருந்தின் பெயர் அவள் வாயில் நுழையாது. அதனால் உள்ளே வரும்போதே, “நான் செவப்பு அட்டைங்க” என்று சொல்லிக்கொண்டுதான் வருவாள்.

எங்கள் ஊர் ஈரத்தில் அட்டைகள் பூஞ்சணம் பிடித்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. மாற்ற வேண்டியதுதான், அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. இரண்டு கம்பனிகள் வந்தன. கண்டிக்காரர்கள் கொண்டுவந்ததைப் பார்த்தால் தூக்கம் வரும். ஆனால் அது ஒவ்வொரு நோயாளிக்கும் தானே ஓர் இலக்கம் கொடுத்தது. கொழும்புக்காரர்களுடையது கலர் கலராக மின்னியது. அதில் ஆளின் அடையாளமே போன் நம்பர்தான்.

“ஒரே நம்பரைப் பத்துப் பேர் கொடுத்தா?” என்று கேட்டேன்.

கொழும்பிலிருந்து வந்த விற்பனையாளர் சிரித்தார். “இந்தக் காலத்துல போன் இல்லாத ஆள் யாரு டொக்டர்?”

போன் இருக்கிறது ஐயா, யார் இல்லை என்றது? வீட்டுக்கு ஒன்று இருக்கும். அதையும் புருஷன் வெளியூர் வேலைக்குக் கொண்டுபோயிருப்பான். பெண்கள் பகலெல்லாம் மலையில். அவசரம் என்றால் பிள்ளைக்காம்பராவுக்குத்தான் பேச வேண்டும். கைக்குழந்தைகளை விட்டுவிட்டு வேலைக்குப் போகும் அந்த இடத்தில் ஆயா பகல் முழுக்க இருப்பார், யாருக்கு வந்த செய்தியானாலும் மலைக்குச் சொல்லி அனுப்புவார். அதனால் எங்கே போய் நம்பர் கேட்டாலும் அந்தத் தோட்டத்துப் பெண்கள் ஆயாவின் நம்பரைத்தான் சொல்வார்கள். சரியாக யோசித்துத்தான் அப்படிச் செய்கிறார்கள். இதையெல்லாம் நான் தொண்டை வறளச் சொன்னேன்.

“சும்மா குழப்பாதீங்க மிஸ். போகப் போக அவங்களும் பழகிக்குவாங்க” என்றார் என் கூட்டாளி. கொழும்புச் சிஸ்டத்தை வைத்துப் பார்ப்பது என்று முடிவானது.

நான் நுவரெலியாவுக்கு ஒரு கூட்டத்துக்குப் போயிருந்த நாளில் அந்தச் சிவப்பு அட்டைக்காரி தொண்டை வலியோடு வந்தாள். நம்பர் கேட்டார்கள், ஆயாவின் நம்பரைச் சொன்னாள். அதே நம்பரில் அதே பெயரில் இன்னொருத்தி இருந்தாள். பாதித் தோட்டத்துக்கு அம்மன் பெயர்தானே. சிஸ்டம் இருவரையும் ஒருத்தியாக்கி, மற்றவளின் விவரப்படி ஒவ்வாமை எதுவும் இல்லை என்று பச்சை நிறத்தில் சரி அடையாளம் போட்டிருந்தது.

“நான் செவப்பு அட்டைங்க” என்று அவள் சொல்லியிருக்கிறாள்.

“இப்ப அட்டையெல்லாம் இல்லம்மா. எல்லாம் கம்ப்யூட்டர்ல இருக்கு” என்று சொல்லிவிட்டு என் கூட்டாளி பெனிசிலின் வகை மாத்திரையை எழுதிக் கொடுத்தார்.

வீட்டுக்குப் போய் ஒன்று விழுங்கியதுமே முகம் வீங்கித் தொண்டை அடைத்துவிட்டது. பக்கத்து லயத்து வீடுகளில் இருந்தவர்கள் கொழுந்து லொறியை மறித்து ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பிழைத்தாள்.

கொழும்புக்குப் பேசினேன். “சிஸ்டத்துல பிழை இல்ல டொக்டர். அவங்கவங்க சொந்த நம்பரைத் தரணும்” என்றார் அந்த விற்பனையாளர். நான் போட்ட சத்தத்தில் வெளியே காத்திருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். கூட்டாளியையும் விடவில்லை. “அவ வாயாலயே சொல்லியிருக்கா. உங்களுக்குக் காது எங்க போச்சு?” என்று கேட்டேன். அன்றைக்கே அந்தச் சிஸ்டத்தை நிறுத்திவிட்டுக் கண்டிக்காரர்களைக் கூப்பிட்டோம். மருந்து ஒத்துக்கொள்ளாதவர்களுக்குத் திரையின் மேல் சிவப்புப் பட்டை ஒன்று வேண்டும் என்றேன். போட்டுக் கொடுத்தார்கள்.

வீக்கம் வடிந்து உடம்பு தேறிய பிறகு அவள் வந்தாள். திரையைத் திருப்பி அந்தச் சிவப்பை அவளுக்குக் காட்டவேண்டும் என்று ஆசையாக இருந்தேன். அதற்குள் அவள் பையிலிருந்து ஒரு போனை எடுத்து நீட்டினாள். புதுசு. கண்ணாடியில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளைக்கூட இன்னும் உரிக்கவில்லை.

“கோவிச்சுக்காதீங்க டொக்டரம்மா. சொந்த நம்பர் இல்லாம வந்தது எங்க தப்புதாங்க. இப்ப வாங்கிட்டோம். இனிமே மருந்து மாறாதுல்லங்க?”

“யார் சொன்னது உங்க தப்புன்னு?”

“கொழும்புலருந்து ஒரு தொரை பேசினாருங்க, ஆயா நம்பருக்கு. ஆளாளுக்கு ஒரு நம்பர் வச்சுக்கச் சொன்னாருங்க.”

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்த ஆளைத் திட்டுவதற்காக வாயைத் திறந்தேன். திட்டு தனக்குத்தான் என்று நினைத்து, அவள் போனை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.