மஞ்சள் கிழங்கு

முதல் நாள் வேலை. தேனிக் கம்பெனி வாசலில் காவல்காரப் பெண் தட்டை நீட்டினாள். "நகையெல்லாம் இதுல போடுங்க." என் கை தாலியில் நின்றது.

என் சிறுவயதில் அனுமந்தன்பட்டிப் பக்கம் வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று ஏலக்காய் பாக்கெட் போட வந்தது. உள்ளே பொட்டுத் தங்கம்கூடப் போகக்கூடாது என்றார்கள். அம்மா தாலியைக் கழற்றினாள்.

"நான் என்ன செத்தா போயிட்டேன்?" அப்பா கதவை மறித்து நின்றார். தெருமுனையில் வேன் ஹார்ன் அடித்தது.

அம்மா மஞ்சள் கிழங்கைக் கயிற்றில் முடிந்து கழுத்தில் கட்டினாள். "இந்தா, கழுத்துலதான இருக்கீக. வழிய விடுங்க." தங்கத்தை அவர் உள்ளங்கையில் வைத்தாள். மறுபடி ஹார்ன். அப்பா விலகினார். சாயங்காலம் வேன் திரும்பும்வரை சட்டைப்பையைப் பொத்தியபடி தெருமுனையிலேயே நின்றார்.

திரும்பிப் பார்த்தேன். கேட்டுக்கு வெளியே என் வீட்டுக்காரர் பைக்கை இன்னும் எடுக்கவில்லை, தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். தாலியைக் கழற்றிக்கொண்டு போய், அவர் கையைப் பிடித்து விரித்தேன்.