முடிவு பார்க்காத படங்கள்

மகள் பற்றவைத்த கொசுவத்தியின் புகை மூக்கில் ஏறியதும், கோலா பிலா பக்கம் நாங்கள் இருந்த ரப்பர் தோட்டத்துத் திடலுக்கே போய்விட்டேன்.

இரண்டு கம்பங்களுக்கு நடுவே வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டுவார்கள். பாயைச் சுற்றிலும் இதே புகைதான். கதை சூடு பிடிக்கும் நேரம் பார்த்து அம்மா என் காதைத் திருகுவார்.

"எந்திரிடா! விடிஞ்சா பெரட்டு."

விடியுமுன் பெரட்டுக்குப் போய், மேஸ்திரி மண்டோர் பேர் கூப்பிடும்போது நிற்காவிட்டால் அம்மாவுக்கு அன்று பால்வெட்டு இல்லை. அதனால் ஒரு படத்துக்குக்கூட நான் முடிவு பார்த்ததில்லை.

மூன்றாம் வகுப்போடு நின்றவன், இன்று சொந்தமாக லாரிகள் ஓட்டுகிறேன். யாரும் தூக்கிவிடவில்லை. அந்தப் படங்களையெல்லாம் தேடிப் பிடித்து, விட்ட இடத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துத் தீர்க்கிறேன்.

இன்றிரவும் டிவியில் அப்படி ஒரு படம்தான். மகள் கொட்டாவி விட்டாள்.

"கடைசியில ஹீரோதான் ஜெயிப்பான்லா. டிவிய அடைச்சிட்டுப் படுங்கப்பா."

"வாயை மூடுடி! முடிவ நான் என் கண்ணால பார்க்கணும். இனி என் காதைத் திருக யாரும் இல்ல. விடிஞ்சா ஆபீஸ் பெரட்டு உனக்குத்தான். நீ போய்ப் படு!"