றன்வே சிங்கராசா

ஓட்டோக்காரருக்கு ‘நில்’ என்று கை காட்டிவிட்டு, சிங்கராசா ஒழுங்கை முனைவரை நடந்து கோழிகளை ஓரங்கட்டுகிறார். ஓட்டோவுக்குள் மனைவி லூசியாவுக்குப் பொறுமை போய்விட்டது.

“நீங்கள் கோழி கலைச்சு முடிய, அங்க பூசையும் முடிஞ்சிடும்.”

“பாதை துப்புரவு இல்லாம வாகனம் எடுக்கப்படாது. அது றன்வே சட்டம்.”

பசிபிக் கடலில் பொட்டளவு தீவொன்றின் பழைய இராணுவ விமான ஓடுபாதையில் ஒப்பந்த வேலை பார்த்துவிட்டு மன்னார் திரும்பியவர் அவர். அதன் வரலாறு அவர் வாயில் ஒரே மூச்சில் முடியும். “அமெரிக்கன் கட்டினவன். யப்பான்காரன் குண்டு போட்டவன். சண்டை முடிய எல்லாரும் போயிட்டாங்கள், குருவியள் மட்டும் போகேல்ல.” குருவி என்று அவர் சொல்வது வாத்தை விடப் பெரிய கடற்பறவையை. மனிதருக்குப் பயமில்லாமல் ஓடுபாதையிலேயே குடும்பம் நடத்தும். விமானம் வருமுன் அவற்றைத் தூக்கி ஓரத்தில் வைப்பதுதான் இவருடைய உத்தியோகம்.

வந்த புதிதில் ஊரில் ஒருவரும் நம்பவில்லை. போன் கடலில் விழுந்ததால் காட்டப் படமும் இல்லை. “உலகச் சண்டை நடந்த இடத்தில அண்ணன் கோழி மேய்ச்சவர்,” என்று தேத்தண்ணிக் கடை ஹலீம் எடுத்துவிட, கடையே சிரிக்கும். சிங்கராசாவுக்கு உள்ளே சுடும். தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டுப் போவார், மறுநாளும் வருவார்.

போன மாரியில் வெள்ளம் வீதியை மூடியிருந்த நேரம், அயல்வீட்டு மதுஷிகாவுக்குப் பிள்ளைப்பேற்று வலி கண்டது. ஹெலிகொப்டர் வருகிறது என்றார்கள். அது இறங்கக் காய்ந்த நிலம் விளையாட்டுத் திடல் ஒன்றுதான். ஊர்க் கழுதைகள் அத்தனையும் அங்கே குடியேறியிருந்தன. சனம் கத்தியது, கல்லெறிந்தது. கழுதைகள் ஒரு சுற்று ஓடிவிட்டுப் பழைய இடத்திலேயே வந்து நின்றன. மேலே ஹெலி வட்டமிட்டது. திடல் ஓரத்தில் மதுஷிகா அழுதாள்.

“கத்தாதேங்கோ! குஞ்சைத் தூக்கினா தாய் தன்பாட்டில வரும். அங்கயும் இப்பிடித்தான்!”

சிங்கராசா நடுவில் புகுந்து ஒரு குட்டியை அலாக்காகத் தூக்கி நடந்தார். தாய்க்கழுதை கத்திக்கொண்டு பின்னால் வந்தது, அதன் பின்னால் மற்றவையும். வழியில் இரண்டு உதை விழுந்தது. குட்டியை அவர் விடவில்லை.

ஹெலி இறங்கி, மதுஷிகாவை ஏற்றிக்கொண்டு பறந்தது. சாரத்தை மடித்துக் கட்டியபடி ஹலீம் வந்தார். முகத்தில் பகிடி இல்லை.

“அண்ணன், அந்த யப்பான்காரன் எந்தப் பக்கத்தால வந்தவன்?”

சிங்கராசா குட்டியை ஹலீமின் கையில் திணித்துவிட்டு, மணலில் குந்தி, விரலால் நீளமாக ஒரு நேர்கோடு இழுத்தார்.