பேசாத சலூன்காரர்

ஊரில் அவருடைய பட்டப்பெயர் ரேடியோ. அவர் கடையில் முடி வெட்டிக்கொண்டு எழுந்தால் தலை லேசாகும், காது கனத்துப்போகும். யார் வீட்டில் பெண் பார்க்கிறார்கள், எந்த டாக்டர் கைராசிக்காரர் என்று கத்தரியும் வாயும் போட்டி போட்டுக்கொண்டு ஓடும்.

மனைவி நர்ஸ். அவளுக்கு வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்ததும், பள்ளியில் படிக்கும் மகளைக் கூட்டிக்கொண்டு ரேடியோவும் கிளம்பினார். போன இடத்தில் பஸ் ஓடும் தெரு ஒன்றில், ஒரு சலூனில் அவருக்கு வேலை கிடைத்தது. கடைக்காரம்மாவும் வேறொரு தேசத்திலிருந்து பிழைக்க வந்தவள்தான். அவர் ஒரு தலையை வெட்டி முடிக்கும்வரை பின்னால் நின்று பார்த்தாள். ஒரு நாற்காலியைக் காட்டினாள். அவ்வளவுதான் இன்டர்வியூ.

கையில் தொழில் இருந்தது. வாயில்தான் மொழி இல்லை. "எவ்வளவு குறைக்கணும்?", "கொஞ்சம் குனியுங்க" என்று மகள் சொல்லிக்கொடுத்ததை வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் வண்டி ஓட்டுவது? ஒருநாள் ஒருவர், இன்னும் கொஞ்சம் குறைக்கலாமா என்று சைகையில் கேட்டார். 'அதுக்கென்ன, தாராளமா' என்று ரேடியோ தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். அந்த ஊரில் அதற்கு 'முடியாது' என்று அர்த்தமாம். வந்தவர் முகம் சிவந்து, பாதி வெட்டிய தலையோடு எழுந்துவிட்டார். கடைக்காரம்மா ஓடிவந்து சமாதானம் செய்து உட்காரவைத்தாள்.

"அப்பா, நீங்க உங்க தலைய ஆட்டாதீங்க. அவங்க தலைய மட்டும் பாருங்க" என்றாள் மகள்.

அன்றிலிருந்து கழுத்தை விறைத்துக்கொண்டு, வாயைத் தைத்தது போல வேலை செய்தார். வேடிக்கை என்னவென்றால், அது அங்கே பலருக்குப் பிடித்துப்போயிற்று. தொணதொணக்காத ஆள் என்று அவரையே கேட்டு வந்தார்கள். மகள் மூலம் இதைக் கேள்விப்பட்ட மனைவிக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"உங்களையா? பேசாத மனுஷன்னா? ஊர்ல சொன்னா ஒருத்தரும் நம்ப மாட்டாங்க!"

அவரும் சிரித்தார். ஆனால் அன்று பாதிச் சாப்பாட்டிலேயே எழுந்து கையைக் கழுவினார்.

அந்தக் குளிர்காலத்தில் ஊரில் அவருடைய அம்மா தவறிப்போனாள். விசா புதுப்பிக்கக் கொடுத்திருந்த பாஸ்போர்ட் கைக்கு வராததால் அவரால் போக முடியவில்லை. அம்மாவின் முகத்தைக் கடைசியாக போனில்தான் பார்த்தார். மறுநாள் கடைக்குப் போய்க் கத்தரியை எடுத்துக்கொண்டார். கடையில் யாரிடம் போய்ச் சொல்வது, எந்தச் சொல்லால் சொல்வது?

பனி விலகியபின் ஒரு காலை, அந்தத் தெருவில் பஸ் ஓட்டும் டிரைவர் வந்தார். மலை போன்ற ஆள், பழைய வாடிக்கை. அன்று யூனிபாரம் இல்லை, தாடி மண்டிக் கிடந்தது. ரேடியோ துணியைப் போர்த்திக் கழுத்தில் முடிச்சிட்டபோது, டிரைவர் கண்ணாடியைப் பார்த்து ஏதோ சொன்னார். அதில் அவர்கள் மொழியில் அம்மாவுக்கான சொல் மட்டும் ரேடியோவுக்குப் புரிந்தது. மறுகணம் அந்தப் பெரிய மனிதர் அழுதார். கைகள் துணிக்குள் இருந்ததால் கண்ணீரைத் துடைக்கவும் முடியவில்லை.

ரேடியோ வெந்நீரில் துண்டை நனைத்துப் பிழிந்து முகத்தைத் துடைத்துவிட்டார். அப்போது, தன்னை அறியாமல் வாய் திறந்தது.

"அழுங்க, பரவாயில்ல. எங்கம்மாவும் போயிட்டாங்க. நான் போகக்கூட இல்ல. சின்ன வயசுல அவங்கதான் எனக்கு முடி வெட்டுவாங்க, தெரியுமா? கோணல்மாணலா வெட்டிட்டு, 'ராஜா மாதிரி இருக்கடா'ன்னு சொல்லுவாங்க. அந்தக் கோணலைச் சரி பண்ணப் போய்த்தான் நான் இந்தத் தொழிலுக்கே வந்தேன்."

தமிழ்தான், முழுக்கத் தமிழ். கத்தரி ஓடிற்று, பேச்சும் ஓடிற்று. டிரைவருக்கு ஒரு சொல்கூடப் புரிந்திருக்காது. ஆனாலும் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே இருந்தார்; அவருடைய மூச்சு மெல்லச் சீரானது. பக்கத்து நாற்காலியில் வேலை செய்துகொண்டிருந்த கடைக்காரம்மா மெஷினை நிறுத்திவிட்டாள்.

டிரைவர் எழுந்து ரேடியோவின் தோளில் கைவைத்துவிட்டுப் போனார். ரேடியோ துண்டுகள் காயும் பின்னறைக்குப் போய், அம்மா போனபிறகு முதல்முறையாக வாய்விட்டு அழுதார். கடைக்காரம்மா ஒரு கோப்பைத் தேநீரை அருகே வைத்தாள். அவருக்காகக் காத்திருந்த அடுத்த தலையைத் தானே வெட்டி முடித்தாள்.

அடுத்தமுறை வந்த டிரைவர் உட்கார்ந்ததுமே, தன் வாயைத் தொட்டு, 'பேசு' என்று கையசைத்தார்.

"என்னத்தப் பேச?" என்று ரேடியோ தமிழிலேயே கேட்டார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, மாடிவீட்டுக்காரர் குழாய் ஒழுகும் கதையை ஆரம்பித்தார்.